அசையாத கடலடி

திங்கட்கிழமை காலை, புன்னக்காயல் கடலடியில் இருந்திருக்க வேண்டிய அதிர்வுமானி அங்கே இல்லை. அறுபட்ட அதன் மிதவைக் கயிறு மீனவன் சந்தியாகுவின் வள்ளத்தில் கிடந்தது. நண்பகலுக்குள் சந்தியாகு லாக்கப்பில் இருந்தான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அகமது மீரான் கரையோர ஆய்வுக் கொட்டகைக்கு வந்தபோது, சந்தியாகுவின் மனைவி சாலோமி வாசலை மறித்து நின்றாள்.

“நேத்து வலையில மாட்டுன கயிறுய்யா அது. முந்துன நாளு ஞாயித்துக்கெழம. ஊரே பூசைக்குப் போயிருச்சு, ஒத்த வள்ளம் எறங்கல. எப்பம் போயி அவுக அறுத்தாக?”

“அவளை வெளியே அனுப்புங்கோ” என்றார் பேராசிரியர் ஹரிநாராயணன். “இந்த ஊரே எங்களுக்கு விரோதம்.”

“எங்க கடலுக்கு அடியில கழிவத் தள்ளப் பாக்கீக. மாலையா போடுவோம்?”

வழக்கின் வேர் அதுதான். ஒரு ரசாயன ஆலை தன் கழிவுநீரை ஆழ்துளை வழியே கடலடிப் பாறைக்குள் செலுத்த அனுமதி கோரியிருந்தது. ஞாயிறு முழுவதும் ஆலைக்காக ஹரிநாராயணன் நடத்திய சோதனை. செலுத்திய நீர் விரிசல்களில் ஊர்ந்தால் கடலடி நுண்ணதிர்வுகளால் நடுங்கும். ஊராமல் நின்றால் அனுமதி உறுதி. அதிர்வுமானி தன்னுள்ளிருக்கும் நாடாவில் நடுக்கத்தைப் பதியும். கம்பிவழியே கரைக்கும் அனுப்பி, கொட்டகையிலுள்ள உருளைத் தாளில் கோடாக வரையும்.

ஞாயிறு என்று தேதியிட்ட தாளை ஆய்வு உதவியாளர் பத்மப்ரியா விரித்தாள். கோடுகள் அமைதியாக ஓடின. ஓரிடத்தில் மட்டும் கருப்புத் திட்டு.

“இது என்னம்மா?” என்றார் மீரான்.

“விடிகாலையில வள்ளங்க கிளம்புற இன்ஜின் சத்தம் சார். கடலடி வரைக்கும் கேக்கும்.”

“ஞாயித்துக்கிழமை உருளையப் பாத்துக்கிட்டது யாரு?”

“நான் லீவு. புரொபசர் சார்தான் தனியா இருந்தார்.”

“கடலடி அசையவேயில்லை” என்றார் ஹரிநாராயணன். “அது பொறுக்காமத்தான் அவன் கருவியைத் தூக்கிட்டான்.”

“கொட்டகைக்குள்ள கிடந்த தாள் அவனுக்கு எப்படித் தெரியும் வே?”

“மரியாதையாப் பேசுங்கோ.”

“கள்ளனுக்கு அதுக்கு மேல வராது.” மீரான் திட்டின்மேல் விரலை வைத்தார். “ஞாயித்துக்கிழமை ஒத்த வள்ளம் எறங்காத கடல்ல இந்த இன்ஜின் எங்கன இருந்து வந்தது? இது ஏதோ ஒரு வார நாளோட தாள். தேதிய மட்டும் மாத்தி எழுதியிருக்கீரு.”

பேராசிரியர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

“நிசத் தாள்ல கடலடி நடுங்கியிருக்கு. உள்ள இருக்குற நாடாவும் அதையே சொல்லும்னு, பொழுது சாய ஆலைப் படகுல போயிக் கருவியையும் எடுத்துட்டீரு. வண்ணார்பேட்டையில இருந்து விடிஞ்சப்புறம் கார்ல வாற உமக்கு ஞாயிறுன்னா காலேஜ் லீவு, அவ்வளவுதான். நிசத் தாளக் கிழிக்கையில அதுல இருந்த நடுக்கத்தப் பாத்தீரு. விடிகாலைத் திட்டு அதுல இல்லங்கிறதப் பாக்கல.”

“யூகம். கோர்ட்டில் நிற்காது.”

“நாடா நிக்கும். கருவியக் கடல்ல வீச உமக்கு மனசு வந்திருக்காது. ஆயுசெல்லாம் அதோட இருந்தவரு.”

மீரான் சொன்னது சரி. வண்ணார்பேட்டை வீட்டுப் பரணில், பழைய ஜமுக்காளத்துக்குள் கருவி கிடைத்தது. கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் பத்மப்ரியா நாடாவை ஓடவிட்டாள். தாளில் விடிகாலை வெறுமையாகக் கடந்தது. பிறகு முள் நடுங்கத் தொடங்கி, நிற்கவேயில்லை.

சாலோமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்க கோயில்ல முட்டுப்போட்டுக் கெடந்தப்போ, கீழ இதுவா நடந்திச்சு?”

ஹரிநாராயணனை ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று மாலை சந்தியாகு வெளியேறிய லாக்கப் அறை அவருக்காகக் காத்திருந்தது.