பசித்த ஆறு

செவ்வாய்க் கிரகத்தின் வல்லூர்க் குடியிருப்பில் காலை ஆறு மணி என்றால் ஆற்றுக்குத் தீனி போடும் நேரம். செண்பகவல்லி விசையை அழுத்துவாள். எந்திர ஆட்கள் நாற்பது டன் கருங்கல்லைத் தலைமடையில் கொட்டும். கண்ணாடிக் கூரையின் கீழ் ஓடும் செயற்கை ஆறு அதை உருட்டி, மோதி, அரைத்துக்கொண்டு போகும். செவ்வாய் மண்ணில் நஞ்சு உண்டு. ஆறு அரைத்துக் கழுவிய வண்டலில்தான் பயிர் பிழைக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளில், வளைவின் உட்கரையில் ஓட்டம் தளரும் இடமாகப் பார்த்து, முழங்கால் ஆழத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அதில் அவள் நட்ட நெல் இப்போது கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. பாசிக்களி தின்றே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பத்து நாளில் முதல் சோறு. பெற்ற பிள்ளையைக்கூட அவள் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பூமியிலிருந்து ஆணையர் வருகிறார் என்று செய்தி வந்தது. மேலாளர் அற்புதராஜ் தலைமடைக்கு ஓடி வந்தார்.

"என்னம்மா இது, ஆறு சாக்கடை மாதிரி ஓடுது! ரெண்டு நாளைக்குக் கல் போடாதீங்க. தெளிஞ்சிரும்."

"வேண்டாம் சார். சுமக்க மண்ணு இல்லேன்னா தண்ணி சும்மா போகாது. கரையத்தான் அரிச்சு எடுக்கும். வயல் போயிரும் சார்."

"ரெண்டு நாள்ல என்னம்மா ஆயிரும்? வர்றவரு மூஞ்சியச் சுளிச்சா என் வேலை போயிரும்."

ஏழை சொல் அம்பலம் ஏறுமா? விசையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஆறு பளிங்காக ஓடியது. வளைவுக்குக் கீழே பந்தல்; குடியிருப்பே அங்கே கூடியிருந்தது. ஆணையர் கரையில் நின்று ஆசைதீரப் படம் எடுத்துக்கொண்டார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் பழுப்பாக மாறியது. செண்பகவல்லி வளைவை நோக்கி ஓடினாள்.

உட்கரை பாளம் பாளமாகச் சரிந்துகொண்டிருந்தது. கதிரோடு வயலின் கடைசித் துண்டும் அவள் கண்ணெதிரே கவிழ்ந்தது. தண்ணீரில் இறங்கி இரண்டு கைகளாலும் மண்ணை வாரினாள். விரலிடுக்கில் வழிந்து போயிற்று. வாய்விட்டு அழுதாள்.

நனைந்த சேலையோடு அவள் திரும்பியபோது ஆணையர் ஆற்றைச் சுட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்த அழுக்கு எங்கேருந்து வருது?"

அவள் வாயைத் திறக்குமுன் அற்புதராஜ் முந்திக்கொண்டார். "தினமும் கல்லைக் கொட்டுறாங்க சார். அதோட கசடு."

"அப்படியா? இனிமே ஒரு கல்லுகூடப் போடக் கூடாது. ஆறுன்னா சுத்தமா இருக்கணும்!"

பந்தல் அதிரக் கைதட்டல். எழுந்து நின்று தட்டியவர்கள் எல்லாம், பத்தாம் நாள் சோற்றுக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருந்தவர்கள்.