பி என்றால் பார்க்கிங்!

செல்போன் அலறியது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக்கின் கைகளில் முழங்கை வரை கறுப்பு ஆயில். ஒர்க்‌ஷாப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவிதான் எடுத்தாள்.

கேட்டாள். முகம் வெளிறியது.

"யோவ் நட்டு... வெளியில வா!"

ஊரே அவனை நட்டு என்றுதான் கூப்பிடும். கட்டியவளும் அப்படித்தான்.

"யாரு?"

"போலீஸ். போன வாரம் ஒரு வெள்ளைக் காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினியே... பிஸ்கட் ஃபேக்டரி முதலாளி கார்..."

"ஆமா. மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"மக்கர் பண்ணல. அவரைக் கொன்னுடுச்சாம்!"

ணங்!

எழுந்த வேகத்தில் நட்டுவின் நெற்றி சைலன்ஸரில் மோதியது.

"நானா கொன்னேன்? கார்தானே கொன்னுச்சு?"

"காருக்கு விலங்கு மாட்ட முடியாதாம். அதான் உன்னைக் கூப்பிடறாங்க. அந்தப் பொட்டியையும் எடுத்துட்டு வரணுமாம்."

பொட்டி என்றால் ஸ்கேனர். காரில் சொருகினால், எங்கே கோளாறு என்று 'கோடு' நம்பர், அதாவது ஒரு குறியீட்டு எண், காட்டும்.

"நல்ல சட்டையா போட்டுக்கய்யா. ஃபோட்டோ புடிப்பாங்க" என்றாள் மனைவி. கண் மட்டும் கலங்கியிருந்தது.

*

அந்த பங்களாவின் கார் ஷெட், நட்டுவின் வீட்டைவிடப் பெரியது. வெயிலும் மழையும் படாமல் கார்கள் சுகமாக வாழ்ந்த இடம்.

வெள்ளைக் கார் நின்றது. பின்னால் சுவர். நடுவே தரையில் சாக்பீஸால் வரைந்த ஒரு மனிதன். நிஜ மனிதனை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். உடலை எடுப்பதற்காக ஏட்டு காரை ஓட்டி முன்னால் நகர்த்தியிருந்தார்.

"வாய்யா, டாக்டரு!" என்றார் இன்ஸ்பெக்டர். நிழலிலும் கூலிங் கிளாஸைக் கழற்றாத ஆசாமி. "என்ன வைத்தியம் பார்த்தே நீ? பேஷன்ட் ஆளையே முழுங்கிடுச்சு!"

"ஆயில் மட்டும்தான் மாத்தினேன் சார்... சத்தியமா..."

"நடந்ததைக் கேளு. தம்பி, சொல்லுங்க."

தம்பி முன்னால் வந்தான். செத்துப்போன முதலாளியின் மச்சான். மனைவியின் தம்பி. வீட்டோடு மச்சான். அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் சாப்பிடும் நேரம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"காலையில மாமா ஃபேக்டரிக்குக் கிளம்பினாரு சார். இன்ஜினை ஆன் பண்ணி, பார்க்கிங்ல போட்டுட்டு, டிக்கியத் திறக்க பின்னால போனாரு. நான் அந்தக் கேட்டுகிட்ட நிக்கிறேன். திடீர்னு கார் தானாவே ரிவர்ஸ்ல பாஞ்சுது சார்! மாமாவை சுவரோட சேர்த்து... அய்யோ!"

முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாக இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தும் கொண்டான்.

"நீ ஓடிப்போய் காரை நிறுத்தலையா?"

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாது சார். ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்ல."

வாசற்படியில் முதலாளியின் மனைவி தூணைப் பிடித்தபடி நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"கேட்டியாய்யா?" இன்ஸ்பெக்டர் நட்டுவின் தோளைத் தட்டினார். "பார்க்கிங்ல நின்ன வண்டி பின்னால பாயுதுன்னா கியர்பாக்ஸ் கோளாறு. கியர்பாக்ஸ்ல கடைசியா கையை விட்டது நீ. கணக்கு சரியா?"

"பொட்டியை வெச்சுப் பார்த்துடறேன் சார். எதுவா இருந்தாலும் அது சொல்லிடும்."

"பாரு. ஏட்டு... விலங்கை ரெடியா வைங்க."

நட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகினான். திரை கண்ணைச் சிமிட்டியது. ஒரே ஒரு கோடு நம்பர் வந்தது.

பி... சைபர்... ஏழு... மூணு... ஆறு!

நட்டுவின் உச்சந்தலையில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. கல்யாண நாள் மறந்துபோகும். இந்த நம்பர் மறக்காது.

தப்பிச்சேன்டா சாமி!

வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னய்யா போட்டிருக்கு? பி! ஆஹா... பி-ன்னா பார்க்கிங்! தம்பி, நீங்க சொன்னது கரெக்ட். கார் பார்க்கிங்லதான் இருந்திருக்கு. மிஷினே சாட்சி சொல்லிடுச்சு!"

"நான்தான் சொன்னேனே சார்!" மச்சான் துள்ளினான். துக்க வீடு என்பது உடனே ஞாபகம் வந்து, பாதித் துள்ளலில் நிறுத்தினான்.

"சார், சார்... அந்த பி வேற சார்! இன்ஜின், கியர்பாக்ஸ் கோடு நம்பர் எல்லாத்துக்கும் முன்னால பி வரும்..."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா? இறங்குய்யா கீழ!"

இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். நட்டுவின் கட்டைவிரல் திரையில் வழுக்கியது.

கீக்!

திரை சுத்தமானது. துடைத்துவைத்த பலகை மாதிரி.

தப்பான பட்டன்! கோடு நம்பரை அழிக்கிற பட்டன்!

"எங்கேய்யா அந்த நம்பர்?"

"அ... அழிஞ்சிடுச்சு சார்."

"அழிஞ்சிடுச்சா? அழிச்சியா? சாட்சியை அழிச்சதுக்கு ஒரு கேஸ் எக்ஸ்ட்ரா! ஏட்டு!"

"சார், சார்! கால்ல விழறேன் சார்! அதுல எனக்கு நல்ல சேதி இருந்துச்சு..."

"எல்லாருக்கும் இருக்கும்யா. ஜெயில்ல உட்கார்ந்து பொறுமையா படி."

"ஒரே ஒரு சான்ஸ் சார். ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போடறேன். அந்தக் கோடு திரும்ப வரும் சார். வரலைன்னா நானே கையை நீட்டறேன்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் நேரம் பிடித்தது.

"சரி, போடு. தப்பிச்சு ஓடலாம்னு பார்த்தே... டயர்ல சுடுவேன். குறி தவறினா கம்பெனி பொறுப்பில்ல."

இன்ஜின் உறுமியது.

அவ்வளவுதான்! காருக்குப் பின்னால் நின்ற ஏட்டு, இந்த வயதில் அவரால் முடியாது என்று அவரே நினைத்திருந்த ஒரு தாண்டு தாண்டி, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் விழுந்தார். இன்ஸ்பெக்டர் தூணுக்குப் பின்னால். காலையில் ஓர் ஆளைத் தின்ற கார் அல்லவா!

மச்சான் மட்டும் நகரவில்லை.

சாக்பீஸ் மனிதனின் காலடியில், சுவரில் சாய்ந்து, பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டு நின்றான். உதட்டோரம் லேசான சிரிப்பு வேறு.

"நட்டு கழண்ட கேஸ்" என்று முணுமுணுத்தான்.

நட்டு கண்ணை மூடிக்கொண்டான். ரிவர்ஸில் தள்ளினான். கார் நகரக் கூடாது. நகர்ந்தால் நான் காலி.

கார் நகர்ந்தது.

நகரவில்லை... பாய்ந்தது!

"அய்யய்யோ!"

நட்டு பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். கிறீச்ச்ச்! டயர் கருகிய நாற்றம். பின் பம்பர் மச்சானின் முழங்காலை முத்தமிட்டு நின்றது.

மச்சான் சுவரோடு சுவராக ஒட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

"அடேய்! இதுல ரிவர்ஸ் விழாதேடா! எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன், நகரவே இல்லையே... இப்ப மட்டும் எப்படிடா விழுது?"



தூணுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் மெதுவாக வெளியே வந்தார். அன்று முதல்முறையாகக் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

"யாரு போட்டுப் பார்த்தது, தம்பி?"

"அ... அது... மாமா..."

"போட்டுப் பார்த்தேன்னு சொன்னே. உனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதே? நகராத கார்தான் காலையில உங்க மாமா மேல பாஞ்சுதா?"

மச்சான் கேட்டுப் பக்கம் பார்வையை ஓட்டினான்.

"சார்..." நட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். வியர்வை சொட்டியது. "அந்தக் கோடுக்கு அர்த்தமே அதான் சார். ரிவர்ஸ் கியர் வழுக்குது. இந்த மாடல்ல ரொம்ப வழுக்கினா வண்டியே ரிவர்ஸைப் பூட்டிக்கும். கோடு நம்பரை அழிச்சாத்தான் பூட்டு திறக்கும். நான் பாவி தெரியாம அழிச்சுட்டேன்ல... திறந்துக்கிச்சு. பயத்துல அது எனக்கே மறந்துபோச்சு."

"அப்போ இவன்..."

"நகராத கார் எப்படி சார் கொல்லும்? இவரே மாமாவை முன்னாலயே அடிச்சுப் போட்டு, பின்னால கிடத்திட்டு, காரை ரிவர்ஸ் எடுத்திருக்காரு. வழுக்கியிருக்கு. மறுபடி மறுபடி போட்டிருக்காரு. வண்டி கோபிச்சுக்கிட்டு பூட்டிக்கிச்சு. நியூட்ரல்ல போட்டுத் தள்ளித்தான் பம்பரை மேல சாத்தியிருக்கணும்."

"தள்ளினியாடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இடுப்பே போச்சு சார்..." மச்சான் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "ஜாக்கி ராடாலதான் அடிச்சேன். நேத்து மாமா, நாளைக்கே துணிமணியத் தூக்கிட்டு வெளியில போன்னாரு சார். எனக்கு எங்க போறதுன்னு தெரியல..."

வாசற்படியிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"நேத்து முழுக்க உனக்காகத்தானேடா அவர்கிட்ட சண்டை போட்டேன்! மனசு மாறி, நீ இருந்துட்டுப் போன்னு இன்னிக்கு சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தாருடா!"



டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த ஏட்டு விலங்கை மாட்டினார். நட்டுவுக்கு எடுத்து வைத்த அதே விலங்கு. அளவு மட்டும் கொஞ்சம் இறுக்கம்... உட்கார்ந்து சாப்பிட்ட கை!

நட்டு ஒயரைச் சுருட்டி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஃபோட்டோ எடுக்க ஒருவரும் வரவில்லை.

ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்யா... அப்போ பி-ன்னா பார்க்கிங் இல்லையா?"

"இல்ல சார்."

"பின்ன என்னதான்யா?"

மச்சான் ஜீப்பின் பின்பக்கம் ஏற்றப்படுவதைப் பார்த்தபடி நட்டு சொன்னான்.

"இன்னைக்கு ஒருநாள் போலீஸ்னே வெச்சுக்குங்க சார்!"