தூண்டில் சக்கரமா?

சித்தியின் கடிகாரக் கடையில் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பெண் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. இன்று சித்திக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

வாசலருகே பியானோ வாத்தியார் காத்திருந்தார். அவருக்குக் கண் தெரியாது. தன் பாக்கெட் கடிகாரத்தின் மூடியைத் திறந்து, முள்ளை விரலால் தொட்டே மணி சொல்லிவிடுவார். நாலரை மணி ரயிலில் புது ஊருக்கு, புது வேலைக்குத் தனியாகக் கிளம்புகிறார். கடிகாரம் இல்லாவிட்டால் அங்கே போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி மணி கேட்க வேண்டியதுதான்.

கடிகாரமோ மேசையில் பிரிந்து கிடந்தது. சாவி கொடுத்தால் இறுகுமே, அந்தச் சுருள்வில்லைக் கையால் சுருட்டி அதன் சின்ன டப்பாவுக்குள் அடைக்கப் பார்த்தாள் சித்தி. அது துள்ளி எழுந்து கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. இப்போது விரலில் பெரிய கட்டு. நான் சுருட்டட்டுமா என்று பம்பரம் கேட்டதற்கு, கடைக்கு ஒரு கட்டு போதும் என்று மறுத்துவிட்டாள்.

பம்பரத்தின் கை சும்மா இருக்குமா? பழைய சாமான் கடையில் போன வாரம் வாங்கிய கருவிப் பெட்டியைக் குடைந்தது. எது எதற்கென்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் ‘தூண்டில் சக்கரம்’ என்று இருந்தது. குட்டிக் கைப்பிடி, ஒரு பல்சக்கரம், நுனியில் கடுகளவு கொக்கி. மீன் பிடிக்கிற யாருடைய சாமானோ இதில் கலந்துவிட்டது என்பது சித்தியின் தீர்ப்பு.

பம்பரம் கைப்பிடியைச் சுற்றினாள். டிக், டிக், டிக். எதிர்ப்பக்கம் சுற்றினாள். அசையவில்லை.

"சித்தி, தூண்டில்னா நூல் போகவும் வேணும், வரவும் வேணும்ல? இது சுத்தினதைத் திரும்ப விடமாட்டேங்குது."

"அதுக்கென்ன இப்போ?"

"திரும்பத் துள்றது எது? உன் விரலைக் கிழிச்சதுதானே?"

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுருள்வில்லின் உள்நுனியில் ஊசி முனையளவு ஒரு துளை இருந்தது. கொக்கியை அதில் மாட்டிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. வெளிநுனியை அவள் இடுக்கியால் பிடித்துக்கொள்ள, பம்பரம் கைப்பிடியை மெல்லச் சுற்ற, வில் முரண்டு பிடிக்காமல் சுருண்டது. சித்தி அதை அப்படியே டப்பாவுக்குள் இறக்கினாள். மற்றவற்றைப் பூட்டி முடிக்கும்வரை வாத்தியார் காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் நாலு தடவை மணி கேட்டார்.

கடைசியில் கடிகாரம் டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பி வைத்தாள். பம்பரம் அதைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தாள். மணி சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

வாத்தியார் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினார்.

"நாலாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு," என்றார். "நிதானமாவே நடந்து போகலாம்."