ஒயர் கருகும் வாடை

சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்த பிறகும் வீட்டுக்குள் வாடை அடித்தது. வெளியே நின்ற புகையின் வாடை அல்ல அது. அந்த 1997இல் சுமத்ராவில் காடு எரிந்து மலாக்கா வரை கவிந்த புகையில் கருகிய கட்டையும் மண்ணும் மணத்தன. மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாமில் பட்டப்பகலிலேயே கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. வீட்டுக்குள் அடித்ததோ தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொள்கிற வாடை. ஒயர் கருகும் வாடை. மருதமுத்துவுக்குத் தெரியாதா?

தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட ஒயர்களை லோரியில் ஏற்றி வந்து, பின்வாசலில் டிரம்முக்குள் கொளுத்தி, செம்பைப் பிரித்து விற்றவன் அவன். எத்தனையோ வருஷம். புகை நேரே சமையலறைக்குள் போகும். மனைவி பவானேஸ்வரி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு சமைப்பாள். வேறு எங்கேயாவது கொளுத்தக்கூடாதா என்று ஒருமுறை கேட்டாள். பார்க்கலாம் என்றான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்ன டாக்டர், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, எதையாவது எரிப்பார்களா என்று விசாரித்தார். சாம்பிராணி மட்டும்தான் என்றான் மருதமுத்து. பவானேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே டிரம்மைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்தான்.

இப்போது மத்தியானம். வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினான். அடுப்பு சில்லென்று கிடந்தது. சாமி மேடையில் விளக்கு அணைந்து வெகுநேரமாகியிருந்தது. பின்கதவை ஒரு விரற்கடை திறந்தான்; மஞ்சள் புகைக்குள் வெறும் தரை. மூடினான். கதவுக்கு அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் வாடை அதிகம்.

முன்னறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, மறுபடியும் கொளுத்துறீங்களா?"

"இல்லலா. வெளியே புகைமூட்டம்."

"டாக்டர்கிட்ட சொன்ன மாதிரியே சொல்றீங்க."

குரலில் கோபமில்லை. சுவரைப் பிடித்தபடி முன்னறைக்குப் போனான். ஒவ்வோர் அடிக்கும் வாடை தடித்தது. கண் எரிந்தது.

பவானேஸ்வரி மெத்தையில் மல்லாந்து கண்மூடிக் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறியது. இறங்கியது. இறங்கும்போது உதடுகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஓர் இழை எழும்பியது. மேலே போய்ச் சீலிங்கில் பரவியது. சீலிங் ஏற்கெனவே கறுத்திருந்தது.

மீண்டும் மூச்சு. மீண்டும் கறுப்பு. இன்னும் தடிப்பாக.

"ஈஸ்வரி, நான்தான்... நான் அன்னைக்கே..."

பக்கத்து வீட்டு மங்களம் அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, என்ன தம்பி, உள்ளே என்ன எரியுது என்று கேட்டார். கேட் திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம்.

மருதமுத்து குனிந்தான். அவள் வாயைக் கையால் பொத்தினான். விரலிடுக்கில் சூடாகக் கசிந்தது. இன்னொரு கையையும் வைத்தான்.

"ஒன்னும் எரியல அக்கா."

பவானேஸ்வரி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை.