முக்கால் மணி நேரம்

காரங்காட்டு அலையாத்திக் காட்டைத் தாண்டி மணல் திட்டில் படகு தட்டி நின்றபோது, வெயில் சாயத் தொடங்கியிருந்தது. லாமியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். காளீஸ்வரன் துடுப்பைப் படகுக்குள் போட்டான்.

"எங்க காக்கா எங்கன கூடாரம் போட்டாக, காளிண்ணே?"

அண்ணனை அவள் காக்கா என்றுதான் சொல்வாள். காளீஸ்வரன் தாழம்புதருக்கு முன்னால் இருந்த வெறும் மணலைக் காட்டினான்.

போன வருடம், அவள் அண்ணன் ஜாபர் சாதிக் கத்தாருக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தபோது, அவனும் காளீஸ்வரனும் இங்கே தங்க வந்தார்கள். அந்தி மயங்கும் நேரம் சாதிக்கின் கணுக்காலில் கடிபட்டது. புதருக்குள் நழுவிய வாலை மட்டும்தான் பார்த்தார்கள்.

"கடிச்சதும் கெளம்பிட்டீகள்ல?"

"உடனே கெளம்பிட்டோம்மா."

ஒரு வருடமாக அதே பொய்.

கடித்த பாம்பைக் கையோடு கொண்டுபோனால்தான் டாக்டர் சரியான ஊசி போடுவார் என்று கமுதிப் பக்கம் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் அவன். அரிசி டப்பாவைக் காலி செய்து வைத்துக்கொண்டு, துடுப்பால் புதரை அடித்தான். முக்கால் மணி நேரம் அடித்தான். கூடாரத்துக்குள்ளிருந்து சாதிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"கெடைச்சிருச்சா மாப்ள? விருந்தாளிய விட்றாதலே."

முதலில் சிரிப்போடு. பிறகு நாக்குக் குழறலோடு. பிறகு கேட்கவே இல்லை. தூங்குகிறான் என்று நினைத்து, இவன் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தான்.

இப்போது காற்று நின்றிருந்தது. சேற்று வாடை மேலேறியது. நண்டுகள் ஒவ்வொன்றாக வளைக்குள் போயின.

தொப்.

யாரோ புதரை அடிக்கும் சத்தம்.

தொப். தொப்.

காளீஸ்வரன் படகைத் திரும்பிப் பார்த்தான்.

துடுப்பு இல்லை.

"யாருண்ணே அங்கன?" லாமியா கிசுகிசுத்தாள்.

"யாருமில்லம்மா. வா, போயிருவோம்."

அவள் அசையவில்லை. கூடாரம் இருந்த மணலையே பார்த்தபடி, தலையைச் சாய்த்து நின்றாள். அவனுக்கும் கேட்டது. மணலுக்குள்ளிருந்து, குழறிய நாக்கோடு.

கெடைச்சிருச்சா மாப்ள?

லாமியா மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"அது காக்கா கொரலுதான். என்ன கெடைச்சுச்சான்னு கேக்குறாக, காளிண்ணே?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

இமைகள் தாமாகவே கனத்துச் சரிந்தன. நாக்கு குழறியது.

தொப்.