மூடியோடு நின்றுபோன கோடு

குரலைக் காணோம்.

காலை பத்தரை மணி. உப்புத்தாள் அக்காவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீச்சரம்மா மறுபடி மறுபடி பட்டனை அமுக்கினார். ஒலிப்பதிவுக் கருவியில் விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஐயோ, அவர் குரல் போச்சே!"

பளபளக்கும் ரேடியோ, ரிமோட் எல்லாவற்றையும் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, மெல்லிய கோடுகள் ஓடும் மங்கல் நிறத்துக்குக் கொண்டுவருவது அக்காவின் வீட்டுத் தொழில். தெரு வைத்த பெயரும் அதனால்தான். கையில் வழுக்குகிறது என்று டீச்சரம்மா கொடுத்த இந்தக் கருவியை அவள் நேற்றுதான் முடித்து, டீச்சரம்மாவின் கொழுந்தனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் இருந்தது சாதாரணப் பேச்சா? தன் அச்சுக்கடை மனைவிக்கே சேர வேண்டும் என்று டீச்சரம்மாவின் கணவர் சாவதற்கு முன் சொன்ன வார்த்தை. சாயங்காலம் சொந்தக்காரர்கள் அதைக் கேட்க வருகிறார்கள்.

"தண்ணி தொட்டுத் தேய்ச்சீங்களா?" என்றான் டீச்சரம்மாவோடு வந்திருந்த கொழுந்தன்.

"ஆமா தம்பி. ஆனா பிழிஞ்ச ஈரம்தான்."

"முடிச்சதும் போட்டுப் பாத்தீங்களா?"

"செத்தவர் குரலாச்சேன்னு பயந்துட்டு பட்டனைத் தொடலை." அவள் டீச்சரம்மாவைப் பார்த்தாள். "ஒருவேளை கருவி மாறியிருக்குமோ?"

டீச்சரம்மா கருவியின் பேட்டரி மூடியைக் கழற்றினார். உள்பக்கம் சிவப்புப் பொட்டு.

"நான் வெச்ச நெயில் பாலிஷ். அண்ணன் தம்பி எது வாங்கினாலும் ஜோடியாத்தான் வாங்குவாங்க, அடையாளம் தெரியட்டும்னு வெச்சேன். இது அவரோடதுதான்."

போச்சு. செத்தவர் குரலைத் தண்ணீரில் கரைத்தவள் என்று நாளைக்கு ஊரே பேசும். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்படிக் கொடு அதை," என்றார் மூலையில் இருந்த அக்காவின் மாமியார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மருமகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, மூடியைக் கழட்டித் தேய்ப்பியா, மாட்டித் தேய்ப்பியா?"

"மாட்டித்தான் அத்தை. அப்பத்தான் கோடு அறுபடாம ஓடும்."

"கடைசியா எந்தத் தாள்?"

"இருக்கறதுலயே நைசானது."

"வேற யாருக்காவது தாள் குடுத்தியா?"

"நேத்து இந்தத் தம்பிதான் சைக்கிள் துருவுக்குன்னு கேட்டாரு. ஒரு முரட்டுத் துண்டு குடுத்தேன்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. மூடியில கோடு மயிரிழை மாதிரி இருக்கு. கீழ உடம்புல பூனை பிறாண்டின மாதிரி இருக்கு. மூடியோட விளிம்புல ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லை. இவ வேலையில நான் ஆயிரம் குறை சொல்லியிருக்கேன், இந்தக் குறை ஒரு நாளும் சொன்னதில்லை. மூடி உங்களோடது. உடம்பு உங்க கொழுந்தனோடது."

கொழுந்தன் எழுந்துவிட்டான். "நல்லா இருக்கே கதை! எனக்கு அண்ணன் பேச்சு வேண்டாம்னா ஒரு பட்டனை அமுக்கி அழிச்சிருக்க மாட்டேனா? எதுக்கு உக்காந்து தேய்க்கணும்?"

"அதைத்தாம்பா நானும் யோசிச்சேன். வேற எவனா இருந்தாலும் அழிச்சிருப்பான். விரல் தேய உக்காந்து தேய்ச்சவன், அழிக்க மனசு வராதவனாத்தான் இருக்கணும்."

அவன் மறுபடி உட்கார்ந்தான். சட்டைக்குள் கைவிட்டு ஒரு கருவியை எடுத்து வைத்தான். உடம்பு மங்கல், மூடி மட்டும் பளபள.

"அந்தக் கடையில நானும்தான் அண்ணி உழைச்சேன்," என்று விம்மினான். "அழிக்கத்தான் நெனச்சேன். பட்டன்ல விரலை வெச்சா அண்ணன் முகம் வருது. கை வரலை."

டீச்சரம்மா பட்டனை அமுக்கினார். இருமலுக்கு நடுவே ஒரு குரல்: "மொதல்ல சொல்லு... தம்பி சாப்பிட்டானா?"

கொழுந்தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். டீச்சரம்மா திட்டவில்லை, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமியார் அசல் கருவியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த மூலையைப் பாத்தியா? இன்னும் பளபளப்பு போகலை."

"சரிங்க அத்தை," என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்தபடி. "இன்னொரு தடவை தேய்ச்சிடறேன்."