ஏரிக்கரையில் நிறுத்திய கார்

சாவியை உருவி எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறினால் பழைய கார் அப்படித்தான், நாலைந்து முறை இருமிவிட்டு அடங்கும் என்று மெக்கானிக் ரத்தினம் சொல்லியிருந்தார். இன்றைக்கு அது இருமவில்லை. பாண்டுரங்கன் கீழே இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் நின்றது.

பின் சீட்டில் செங்கமலத்தின் மடியில் கங்கா கிடந்தாள். ஏழு வயது. மத்தியானத்திலிருந்து இரண்டு முறை வலிப்பு.

"இன்னாங்க, நிறுத்திட்டீங்க?"

"ரேடியேட்டர் கொதிக்குது. ஏரியில தண்ணி மொண்டுகினு வந்துடறேன்."

"கொயந்தைக்கு ஒடம்பு நெருப்பா கீது. சீக்கிரம் வாங்க."

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்தான் வந்திருந்தார்கள். இப்படியொரு நாளுக்காகத்தான், மூன்று பேர் ஓட்டித் தேய்ந்த இந்தக் காரை அவன் போன தை மாதம் வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து செல்ப் எடுக்காது, முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். பின் கதவின் கண்ணாடி ஏறாது. விளக்கு மினுக்கும்.

பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கரையேறி இறங்கி, கணுக்கால் வரை சேற்றில் புதைய, கோரைப்புல்லின் ஈர வாடையும் எங்கோ வைக்கோல் எரியும் புகையும் மூக்கில் ஏற, காது கிழியக் கத்தும் தவளைகளுக்கு நடுவே குனிந்து டின்னை அமுக்கினான். தண்ணீர் குளுகுளுவென்று உள்ளே இறங்கியது.

தவளைகள் நின்றன.

கரைக்கு அப்பால் கார் ஸ்டார்ட் ஆனது.

சாவி அவன் கையில் இருந்தது.

டின்னைப் போட்டுவிட்டு ஓடினான். கார் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு திணறல் இல்லை. விளக்குகள் பளீரென்று எரிந்தன. டிரைவர் சீட்டில் ஓர் ஆள். பாண்டுரங்கன் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. அவனுடைய அதே முடி உதிர்ந்த உச்சி.

"செங்கமலம்! எறங்கு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்பக்கம் குனிந்தாள்.

"யாரோ ஒத்தன் தொரத்தினு வரான். நிறுத்தாதீங்க."

கண்ணாடி வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது.

கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கண்ணாடியைக் குத்தினான். கை கிழிந்தது. உள்ளே கங்கா மட்டும் தலையைத் தூக்கி அவனையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. அப்பா.

கார் வேகமெடுத்தது. அவன் விழுந்தான். எழுந்தான். முன்னால் சாலை வளைந்தது.

கார் வளையவில்லை.

கரையைத் தாண்டி ஏரிக்குள் இறங்கியது. அலை எழவில்லை. பின்னாலேயே குதித்தான். கழுத்தளவு தண்ணீர். காலுக்கடியில் சேறு. அதற்கு மேல் போக முடியவில்லை.

தூரத்தில், தண்ணீருக்கு அடியில், இரண்டு சிவப்பு விளக்குகள் அணையாமல், அவசரமே இல்லாமல், ஏரியின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.